முதலில் வலியைக் கேளுங்கள்: மனநல மருத்துவர் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: தற்கொலையும் சாவு எண்ணமும். அதனால் ஞாபகமறதி, தூக்க மாத்திரை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். அடையாளம் தெரியக்கூடாது என்று கேட்டவர்களின் ஊரையும் தொழிலையும் மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் குமாரபாளையம் பக்கம். சொந்தமாக எட்டு விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தோம். நூல் விலைக்கும் கூலிக்கும் கட்டுப்படியாகாமல் போன தை மாதம் தறிகளை எடைக்குப் போட்டுவிட்டோம். என் வீட்டுக்காரருக்கு 47 வயது. அன்றிலிருந்து ராத்திரித் தூக்கம் இல்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே இருக்கிறார். “நான் இருந்து என்ன பிரயோசனம்” என்கிறார். “ரெண்டு பொண்ணுங்களை நினைச்சுப் பாருங்க” என்று சொன்னேன். “அவங்களை நினைச்சுத்தான் சொல்றேன். நான் இல்லீன்னா உங்களுக்குப் பாரம் குறையும்” என்கிறார். அவர் அண்ணன் வந்து, “உனக்கு என்னடா குறை, கை கால் நல்லாத்தான இருக்குது” என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். என் அம்மா திருநள்ளாறு போய்வரச் சொல்கிறார். என்ன சொன்னால் அவருக்கு வாழும் ஆசை வரும்?

பதில்: அம்மணி, கடிதத்தைப் படித்ததும் அதில் இருந்த எண்ணில் உங்களிடம் பேசிவிட்டேன். இங்கே எழுதுவது உங்களைப் போலவே வீட்டுக்குள் பயந்துகொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து.

என்ன சொல்வது என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் கேட்க வேண்டும். சுற்றி வளைக்காமல், “ஏனுங்க, உசுர விட்டரலாம்னு நெனப்பு வருதுங்களா?” என்றே கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அப்படிக் கிளம்புவதில்லை; ஆராய்ச்சிக்காரர்கள் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்ட விஷயம் இது. புறநோயாளிகள் பிரிவில் நான் கேட்டபோதெல்லாம் எதிரே இருப்பவர் முகத்தில் பெரும்பாலும் பார்த்தது ஒருவித ஆசுவாசம். ஒருத்தராவது கேட்டார்களே என்று. அவர் “ஆமா” என்றால் தனியாக விடாதீர்கள். ஆபத்தான எதுவும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கக்கூடாது. மாத்திரை மருந்து உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். மறுநாள் காலையே அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது, செலவும் இல்லை. சத்தம் போட்டுவிட்டுப் போன அண்ணனையும் கூட்டிப் போங்கள். அவருக்கும் ஒரு வேலை வேண்டும், பாவம்.

இனி அந்த அண்ணனின் பேச்சுக்கு வருகிறேன். அவர் கெட்டவர் இல்லை. நம் ஊரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதைத்தான் சொல்வார்கள். கடைவாய்ப் பல் வலியில் துடிப்பவனிடம் போய் உன் கண் எவ்வளவு நன்றாகத் தெரிகிறது பார் என்று சொன்னால் எப்படி இருக்கும்? அதுதான் இது.

லாஸ் ஏஞ்சலஸ் நகரில் எட்வின் ஷ்னைட்மன் என்று ஓர் உளவியலாளர் இருந்தார். 1949-ல் அந்த ஊர் மரண விசாரணை அலுவலகத்தின் காப்பறையில், தற்கொலை செய்துகொண்டவர்கள் எழுதிவைத்த கடிதங்கள் நூற்றுக்கணக்கில் அவர் கண்ணில் பட்டன. அன்றைக்குப் பிடித்தது, 2009-ல் இறக்கும்வரை அவர் இந்த விஷயத்தை விடவில்லை. 1958-ல் அங்கே தற்கொலைத் தடுப்பு மையம் தொடங்கியவர்களில் ஒருவர். அத்தனை வருடம் பார்த்தபின் அவர் வந்து சேர்ந்த இடம் எளிமையானது. சாக நினைப்பவருக்குச் சாவின்மேல் ஆசை கிடையாது. அவருக்கு ஒரு வலி நிற்க வேண்டும். அவமானம், குற்றவுணர்வு, தனிமை, தோல்வி எல்லாம் சேர்ந்து மனதில் உண்டாகும் அந்த வலியை உளவலி என்று வைத்துக்கொள்வோம். அது தாங்கும் அளவைத் தாண்டும்போதுதான் ஆபத்து என்றார். தாங்கும் அளவு ஆளுக்கு ஆள் வேறு.

கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் ஹோல்டன் என்பவர் இந்த வலியை அளக்க 13 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் செய்தார். அவரும் அவருடன் வேலை செய்தவர்களும் மாணவர்களை வைத்துப் பார்த்ததில், மனச்சோர்வையும் நம்பிக்கையின்மையையும்விட இந்த வலியின் அளவுதான் சாவு எண்ணத்தோடு நெருக்கமாக ஏறி இறங்கியது. வலி மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். குடி இருக்கிறது, உடல் நோய் இருக்கிறது, அந்த ஒரு நிமிட ஆவேசம் இருக்கிறது. ஆனால் பேச்சை எங்கிருந்து ஆரம்பிப்பது என்பதற்கு இதைவிட நல்ல வழிகாட்டி எனக்குக் கிடைக்கவில்லை.

எனவே அவரிடம், “எதுங்க ரொம்ப வேதனையா இருக்குது?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள். நீங்கள் கடன் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அவருக்கு அது கடனாகவே இல்லாமல் இருக்கலாம். நேற்றுவரை ‘மொதலாளி’ என்று கூப்பிட்ட தறிக்காரர் இன்றைக்கு டீக்கடையில் கண்டுகொள்ளாமல் போனதாக இருக்கலாம். அப்பா காலத்துத் தறி தன் கையில் எடைக்குப் போனதே என்பதாக இருக்கலாம். தறிச் சத்தம் இல்லாத வீட்டில் தூக்கம் பிடிக்காதவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. கடன்தான் என்றால் காகிதங்களை எடுத்து வைத்து வங்கியில் பேச ஒரு ஆளைக் கூட்டிவர வேண்டும். அதற்கு நான் மாத்திரை எழுதிப் பயனில்லை. வலி முழுக்கப் போக வேண்டும் என்பதில்லை. தாங்க முடியாது என்கிற நிலையிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கினாலே உயிர் தப்பிவிடும். இதுவும் ஷ்னைட்மன் சொன்னதுதான்.

“பொண்ணுங்களை நினைச்சுப் பாருங்க” என்றீர்களே, அது ஏன் எடுபடவில்லை? பிள்ளைகள்தான் பலருக்கும் வாழ்வின் அர்த்தம். சந்தேகமே இல்லை. ஆனால் வலி உச்சத்தில் இருக்கும்போது மூளை அதே பிள்ளைகளை எடுத்து எதிர்ப்பக்கம் வைத்துவிடுகிறது. ‘அவர்களுக்கு நான் பாரம்.’ உங்கள் வீட்டுக்காரர் சொன்னது அப்படியே இதுதான். இந்தப் ‘பாரம்’ என்ற பேச்சை எந்த வீட்டில் கேட்டாலும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அர்த்தம் உயிரைப் பிடித்து நிறுத்தும். ஆனால் வெளியிலிருந்து ஊட்டினால் உள்ளே இறங்காது. விக்டர் ஃபிராங்க்ல் என்ற வியன்னா மருத்துவர் நாஜிகளின் வதைமுகாமில் கைதியாக இருந்தபோது நடந்ததை எழுதியிருக்கிறார். வாழ்க்கையிடம் இனி எதிர்பார்க்க ஒன்றும் இல்லை, செத்துவிடலாம் என்ற முடிவில் இரண்டு பேர். ஒருவருக்கு வெளிநாட்டில் ஒரு பிள்ளை காத்துக்கொண்டிருந்தது. இன்னொருவர் விஞ்ஞானி, அவர் எழுதிவந்த புத்தக வரிசை பாதியில் நின்றிருந்தது, அதை வேறு யாரும் எழுதி முடிக்க முடியாது. இவர் போனால் அப்படியே நின்றுபோகிற ஒன்று இருவருக்கும் இருந்தது. ஃபிராங்க்ல் அதைக் கொண்டுவந்து கொடுக்கவில்லை, அவர்களே பார்க்கும்படி பேசினார், அவ்வளவுதான்.

வதைமுகாம்வரை போக வேண்டாம். ஈரோடு பக்கம் நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு அம்மா வந்தார். மகன் இறந்த துக்கம். சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை. “அடுத்த வாரம் வருவீங்களா?” என்றேன். “மாடு சினையா இருக்குது டாக்டர். கன்னு போடறவரைக்கும் இருப்பேன்” என்றார். நான் உடனே அந்த மாட்டைப் பிடித்துக்கொண்டேன். என்ன மாடு, எத்தனாவது ஈத்து, யார் தண்ணி காட்டுவார்கள் என்று அதைப் பற்றியே பேசினோம். கன்று போட்டதும் சீம்பால் கொண்டுவந்தார். அப்புறம் கன்றுக்குக் கழிச்சல், அது தேறட்டும் என்றார். அதற்குள் மாத்திரை வேலை செய்து, தூக்கம் வந்து, மகனைப் பற்றி அழ ஆரம்பித்திருந்தார். முதல் நாளே நான் “மாட்டுக்காக வாழுங்கள்” என்று சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பார்.

ஆகவே உங்கள் வீட்டுக்காரருக்கு முதலில் தூக்கம், அப்புறம் தத்துவம். இத்தனை மாதமாகத் தூக்கமில்லாதவருக்கு மருந்து தேவைப்படலாம், பயப்பட வேண்டாம். திருநள்ளாறுக்குத் தாராளமாகப் போய்வாருங்கள். ஆனால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, அப்புறம் கோயிலுக்குப் போங்கள்.

கேள்வி: வயது 24. குரூப் தேர்வுக்குப் படிக்கிறேன். சாகும் எண்ணம் எல்லாம் இல்லை. ஆனால் ‘எதற்கு இதெல்லாம்’ என்ற கேள்வி எந்நேரமும் ஓடுகிறது. அர்த்தம் தேடுவதே ஒரு நோயா?

பதில்: இல்லை தம்பி. மைக்கேல் ஸ்டெகர் என்ற அமெரிக்க உளவியலாளர் 2006-ல் அர்த்தத்தை அளக்க ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். அதில் ‘அர்த்தம் இருக்கிறது’ என்பதும் ‘தேடிக்கொண்டிருக்கிறேன்’ என்பதும் தனித்தனியாக அளக்கப்படும். அதை வைத்து 2013-ல் வெளியான ஓர் ஆய்வு, கல்லூரி மாணவர்களை 8 வாரம் தொடர்ந்து பார்த்தது. அர்த்தம் கிடைத்தவர்களுக்கு மட்டுமல்ல, தேடுபவர்களுக்கும் சாவு எண்ணம் குறைவதோடுதான் தொடர்பு தெரிந்தது. தேடுகிறவன் இன்னும் கதவைச் சாத்தவில்லை என்பதாக நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

இந்தக் கேள்வி உங்களுக்கு எந்த நேரத்தில் வருகிறது என்று மட்டும் கவனியுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு நண்பனோடு பரோட்டா சாப்பிடும்போது ருசி தெரிகிறதா, சிரிப்பு வருகிறதா? அப்படியானால் சித்தர்கள் வரிசையில் நீங்களும் ஒருவர், இருந்துவிட்டுப் போங்கள். ருசியே தெரியவில்லை, விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது, கேள்வி வலிக்கிறது என்றால் அதற்குப் பதில் தத்துவத்தில் இல்லை. மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எங்கள் காலத்தில் வறுமை அதிகம், தற்கொலை குறைவு. இன்றைய பிள்ளைகளுக்குத் தாங்கும் சக்தி இல்லை. ஒரு மதிப்பெண் குறைந்தால் முடிவெடுத்துவிடுகிறார்கள். திருக்குறளையும் நீதி நூல்களையும் ஒழுங்காகப் படித்தாலே இது நிற்கும் என்பது என் கருத்து.

பதில்: ஐயா, குறள் எனக்கும் பிடிக்கும். மற்றதில் உடன்பாடு இல்லை.

உங்கள் காலத்துத் தினசரிகளை நினைத்துப் பாருங்கள். ‘தீராத வயிற்றுவலியால்’ என்று வாரத்துக்கு ஒரு செய்தியாவது வரும். நம் மாநிலத்தில் அத்தனை பேருக்கும் வயிறா கெட்டிருந்தது? 1860-ல் வந்த தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவில் முயற்சி செய்து பிழைத்தவருக்கு ஓராண்டுவரை சிறை. இறந்தவர் வீட்டுக்கு ஊர்ப் பேச்சு வேறு. அதனால் போலீசாரும் குடும்பமும் சேர்ந்து வயிற்றின்மேல் பழியைப் போட்டார்கள். குறைவாக இருந்ததா, மறைவாக இருந்ததா என்று யோசியுங்கள்.

இன்றைய கணக்கும் இளசுகளை மட்டும் காட்டவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-ல் இந்தியாவில் 1,70,924 பேர். தமிழ்நாட்டில் 19,834 பேர், மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். பத்தில் ஏழு பேர் ஆண்கள். காரணங்களில் முதலிடம் குடும்பப் பிரச்சினை, அடுத்தது நோய். தேர்வுத் தோல்வி என்று பதிவானது நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. அந்த இரண்டுமே அதிகம்தான். ஆனால் மீதி யார்? உங்கள் வயதுக்காரர்களும் என் வயதுக்காரர்களும் அதில் நிறைய இருக்கிறார்கள்.

மேலே ஃபிராங்க்லைப் பற்றிச் சொன்னேனே, அவர் முகாமுக்குப் போவதற்கு முன்பே, 1920-களின் கடைசியில், வியன்னாவில் இளைஞர்களுக்கு இலவச ஆலோசனை நிலையங்கள் நடத்தினார். குறிப்பாகப் பள்ளியில் மதிப்பெண் பட்டியல் தரும் நாட்களில். நீதி நூல் கொடுக்கவில்லை, அந்த நாளில் ஆளை உட்கார வைத்தார். உங்களைப் போன்ற அனுபவசாலிகள் பிளஸ் டூ முடிவு வரும் அன்று காலை பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் நான் காலில் விழுந்து கும்பிடுவேன். துணைத்தேர்வுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்லிக்கொடுங்கள். 104-ல் மாணவர்களுக்கு ஆலோசனை உண்டு என்று எழுதி ஒட்டுங்கள். குறள் வேண்டுமானால் ஒன்று சொல்லுங்கள். ஒன்று போதும்.

கேள்வி: என் அறைத்தோழன் தற்கொலைக்கு முயன்று பிழைத்து, ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்குப் போய்விட்டான். என்ன பேசுவது என்று தெரியாமல் நண்பர்கள் யாரும் போன் செய்யவில்லை. நான் செய்யலாமா?

பதில்: இன்றைக்கே செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போட்டாலும் போதும்.

ஜெரோம் மோட்டோ என்ற சான்ஃபிரான்சிஸ்கோ மனநல மருத்துவர், மருத்துவமனையிலிருந்து போனபின் தொடர் சிகிச்சைக்கு வர மறுத்த 843 பேரை எடுத்துக்கொண்டார். பாதிப் பேருக்கு அவ்வப்போது ஒரு சின்னக் கடிதம், ஐந்து வருடத்துக்கு. நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுத விரும்பினால் எழுதுங்கள் என்பதுபோல இரண்டு வரி. அறிவுரை கிடையாது, எப்போது வருகிறாய் என்ற கேள்வியும் கிடையாது. கடிதம் பெற்றவர்களிடையே, குறிப்பாக முதல் இரண்டு வருடம், தற்கொலை குறைந்தது.

இது வெள்ளைக்காரர்களுக்குத்தான் பலிக்கும் என்பீர்கள். சென்னை, கொழும்பு, பிரேசிலின் கேம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங் ஆகிய ஐந்து ஊர்களில் உலக சுகாதார நிறுவனம் ஒரு சோதனை நடத்தியது. முயன்று பிழைத்த 1,867 பேர். ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றொரு குழுவுடன் ஒரு மணி நேரம் பேசி, பிறகு 18 மாதத்தில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரித்தார்கள். 2008-ல் முடிவு வெளியானது. முதல் குழுவில் தற்கொலையால் இறந்தவர்கள் 2.2 சதவீதம், விசாரித்த குழுவில் 0.2 சதவீதம்.

“ஏன்டா இப்படிப் பண்ணினே?” என்று ஆரம்பிக்காதீர்கள். “மச்சான், உன் ஞாபகம் வந்துச்சு. சாப்டியா?” போதும். பதில் வராவிட்டால் அடுத்த வாரம் மறுபடி.

கேள்வி: என் தம்பி போய் எட்டு மாதம் ஆகிறது. சொந்தக்காரர்களிடம் மாரடைப்பு என்று சொல்லியிருக்கிறோம். அவன் ஒரு வரிகூட எழுதிவைக்கவில்லை. எழுதியிருந்தால் காரணமாவது தெரிந்திருக்கும். முந்தின நாள் என்னோடு சிரித்துப் பேசினான். எனக்கு ஏன் தெரியவில்லை?

பதில்: பெரும்பாலோர் எதுவும் எழுதிவைப்பதில்லை அம்மா. எழுதியிருந்தாலும் நீங்கள் தேடுவது அதில் கிடைத்திருக்காது. அந்தக் கடிதங்களைக் கண்டெடுத்தபோது, இந்த மர்மத்துக்கே சாவி கிடைத்துவிட்டது என்றுதான் ஷ்னைட்மன் நினைத்தார். பல வருடம் படித்தபின், அவற்றில் சாதாரண விஷயங்கள்தான் அதிகம் என்றும், ஏன் என்ற கேள்விக்கு அவை பதில் சொல்வதில்லை என்றும் எழுதினார். வலியின் நடுவில் இருப்பவருக்குத் தன் வலியையே முழுதாகப் பார்க்க முடிவதில்லை.

உங்களோடு சிரித்தானே, அது நடிப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வலி ஏறும் இறங்கும்; அந்த அரைமணி நேரம் அவனுக்கு உண்மையாகவே லேசாக இருந்திருக்கலாம். தினமும் இதே வேலையாக இருக்கிற எங்களுக்கே யார், எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. அக்காவுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

மாரடைப்பு என்று ஊருக்குச் சொன்னது இருக்கட்டும், அதில் நான் தலையிடவில்லை. உண்மை தெரிந்த ஒரே ஒருவராவது உங்களுக்கு வேண்டும். கணவரோ தோழியோ மருத்துவரோ, யாரானாலும் சரி. பொய்யை எந்நேரமும் காவல் காத்துக்கொண்டே அழவும் முடியாது. உங்களுக்கே அவன் பின்னால் போய்விடலாம் என்று தோன்றினால், அது இப்படி ஒருவரை இழந்தவர்களுக்கு வரக்கூடியதுதான். அன்றைக்கே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: உதவி எண்ணுக்குக் கூப்பிட்டால் போலீஸ் வருமா? என்ன பேசுவது?

பதில்: மனம் விட்டுப் பேசியதற்காக யாரும் வழக்குப் போட மாட்டார்கள். 2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 115-வது பிரிவு: தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன உளைச்சலில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய 309-வது பிரிவும் இல்லை. உயிருக்கு உடனடி ஆபத்து என்று தெரிந்தால் உதவி கிடைக்க முயற்சி எடுப்பார்கள். அது உங்களைக் காப்பாற்றத்தான்.

மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம், ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள். சென்னையில் 1986-லிருந்து இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகாவின் எண் 044-24640050. உயிருக்கு ஆபத்து என்றால் 108. என்ன பேசுவது என்று தயார் செய்துகொண்டு கூப்பிட வேண்டியதில்லை. “என்னன்னு சொல்லத் தெரியல, ஆனா முடியல” என்று ஆரம்பியுங்கள். மீதியை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.